ஜூனியருக்கு ஃபைனல் அக்கவுண்ட்ஸ் போடவும், போட்டதைப் பார்க்கவும் கற்றுக்கொடுப்பது எப்படி

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் சின்ன ஆடிட் ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கும், அங்கே சீனியராக இருந்து புதிதாக வருகிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஃபைனல் அக்கவுண்ட்ஸ் என்பது வருடக் கடைசியில் போடும் லாப நஷ்டக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும். 2023 ஜூலைக்குப் பிறகு பதிவு செய்தவர்களுக்கு சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சி) இரண்டு வருடம்தான். முன்பு மூன்று வருடம் இருந்தபோது முதல் வருடம் வவுச்சர் டிக் அடிப்பது, இரண்டாம் வருடம் வரி ரிட்டர்ன், மூன்றாம் வருடம் போகட்டும் என்று பேலன்ஸ் ஷீட் என ஓட்ட முடிந்தது. இப்போது அப்படி இழுத்தால் பையன் கிளம்பிப் போகும் நாளில்தான் முதல் பேலன்ஸ் ஷீட்டைத் தொடுவான்.

பெரும்பாலான ஆபீஸ்களில் சொல்லிக்கொடுப்பது வடிவத்தைத்தான். எந்தத் தலைப்பு எங்கே வரும், போன வருட எண் எந்தப் பக்கம், டெப்ரிசியேஷன் 15 சதவீதமா 10 சதவீதமா. அதெல்லாம் வேண்டியதுதான், ஒரு வாரத்தில் வந்துவிடும். வராதது வேறு. டாலி சாஃப்ட்வேர் இரண்டு பக்கத்தையும் எப்போதும் சமமாகவே காட்டும், தப்பான கணக்கையும் அப்படியே சமமாகக் காட்டும். ஆகவே ஜூனியர் கற்க வேண்டியது, இந்த எண்கள் இந்தத் தொழிலில், இந்த ஊரில், இந்தப் பருவத்தில் வரக்கூடியவைதானா என்று கேட்பது. அதற்குத் தொழில் தெரிய வேண்டும், அதனால் பயிற்சி தொழிலில் இருந்து தொடங்க வேண்டும். என் முறை அவ்வளவுதான், மீதி எல்லாம் அதை எப்படிச் செய்வது என்ற விவரம்.

யார் போடுவது, யார் பார்ப்பது

முதல் நாளே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கணக்கு கிளையண்டுடையது. அதற்குப் பொறுப்பு அவர். நாம் அவருக்காகத் தொகுத்துக் கொடுப்பது ஒரு வேலை, தொகுத்ததை மறுஆய்வு செய்வது இன்னொரு வேலை, தணிக்கை மூன்றாவது. சி.ஏ. இன்ஸ்டிட்யூட்டின் தரநிலைகளில் தொகுப்புக்கு எஸ்.ஆர்.எஸ். 4410, மறுஆய்வுக்கு எஸ்.ஆர்.இ. 2400 என்று தனித்தனியாகவே இருக்கிறது. தொகுத்துக் கொடுத்தால் எந்த உறுதியும் தருவதில்லை. மறுஆய்வில் கேள்வி கேட்டும் ஒப்பிட்டும் பார்த்து ஓரளவு உறுதி தருகிறோம். தணிக்கையில்தான் ஆதாரம் வரை போகிறோம். நம் ஊரில் மூன்றுக்கும் பொதுவாக “ஆடிட் பண்ணியாச்சா சார்?” என்ற ஒரே கேள்விதான், கிளையண்ட் அப்படிக் கேட்பதில் தப்பில்லை, ஆனால் ஜூனியர் குழம்பக்கூடாது.

வருமான வரிச் சட்டத்தின் 44ஏபி பிரிவில் டாக்ஸ் ஆடிட் வருகிற கிளையண்டுக்குப் புத்தகம் எழுதுகிற சி.ஏ.-வே அந்தக் கணக்கை ஆடிட் செய்து கையெழுத்துப் போடக்கூடாது. அங்கே புத்தகத்தை கிளையண்டின் கணக்குப்பிள்ளையோ வெளியிலிருந்து வரும் பார்ட் டைம் அக்கவுண்டன்டோதான் முடிக்க வேண்டும், நாம் கேள்வி கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அவர்தான் என்ட்ரி போட வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு “நானே போட்டுவிடுகிறேன் சார், சீக்கிரம் முடியும்” என்று ஜூனியர் கிளையண்டின் டாலியைத் திறக்கும்போது இது ஞாபகத்தில் இருக்க வேண்டும்.

முதலில் மில்லைப் பார்க்கட்டும்

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பதற்கு முன் ஜூனியரை ஓர் அரிசி ஆலைக்கு அனுப்புங்கள். நெல் எந்த வாசல் வழியாக வருகிறது, எடை மேடை எங்கே, ஈரம் யார் பார்க்கிறார், களத்தில் காய்வது எவ்வளவு, டிரையர் இருக்கிறதா, அவித்த பிறகு எங்கே போகிறது, தவிடு எங்கே விழுகிறது, உமி விற்கிறார்களா பாய்லரில் எரிக்கிறார்களா. திரும்பி வந்ததும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். கணக்கு வார்த்தை ஒன்றுகூட அதில் வேண்டாம். வாங்குவதிலிருந்து விற்பது வரை சரக்கு போகிற வழி மட்டும்.

இந்த ஒரு பக்கம்தான் பிறகு ரிவ்யூவுக்கு அடிப்படை. உமியைப் பாய்லரில் எரிக்கிற மில்லில் உமி விற்பனை குறைவாக இருப்பது இயல்பு. அதைப் பார்க்காமல் வந்தவன் “உமி சேல்ஸ் குறைகிறது” என்று ஒரு கேள்வி எழுதுவான், கணக்குப்பிள்ளை சிரிப்பார், அதற்குப் பிறகு அவன் கேட்கிற நல்ல கேள்விக்கும் மரியாதை போய்விடும்.

மூட்டை என்று சொன்னால் எத்தனை கிலோ என்று கேட்கவும் அங்கேயே பழக்கிவிடுங்கள். அரசு நேரடி கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. தனியார் வியாபாரி எடுக்கும் மூட்டை 60 கிலோ அல்லது அதற்கு மேல். அரிசிக்கு வந்தால் 25 கிலோ வரை லேபிள் ஒட்டிக் கட்டிய பைக்கு 2022 ஜூலை 18 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்பதால் கடையில் 26 கிலோ சிப்பம் நிறையப் பார்க்கலாம். ஸ்டாக் ரிஜிஸ்டரில் “5,000 மூட்டை” என்று மட்டும் இருந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எல்லாவற்றையும் குவிண்டாலாக மாற்றிய பிறகே ஃபைலில் ஏற வேண்டும்.

போடும் வரிசை

வெளியிலிருந்து ஆதாரம் கிடைப்பதை முதலில் முடிக்கச் சொல்லுங்கள். ஓப்பனிங் பேலன்ஸ், பேங்க், கடன், ஜி.எஸ்.டி., அப்புறம் பார்ட்டிகள், சொத்து, கடைசியில் ஸ்டாக்கும் முதலாளியின் முதல் (கேபிடல்) கணக்கும்.

ஓப்பனிங் பேலன்ஸை யாரும் மதிப்பதில்லை, மதிக்க வேண்டும். போன வருடம் கையெழுத்தான பேலன்ஸ் ஷீட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு டாலியின் ஏப்ரல் 1 இருப்பை வரிவரியாக ஒப்பிடட்டும். கையெழுத்தான பிறகு கிளையண்ட் ஆபீஸில் யாராவது போன வருட என்ட்ரியைத் தொட்டிருப்பார்கள், அது அடிக்கடி நடக்கிறது. கம்பெனி என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் யார் எப்போது எதை மாற்றினார் என்ற தடத்தை அழிக்க முடியாத சாஃப்ட்வேர்தான் பயன்படுத்த வேண்டும். தனிநபர், பார்ட்னர்ஷிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும் எடிட் லாக் உள்ள டாலியைப் போடச் சொல்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

கடனில் ஜூனியர்கள் தடுமாறுகிற இடம் டெர்ம் லோன். மாதத் தவணை முழுவதையும் வட்டியில் போட்டிருப்பார்கள், அல்லது முழுவதையும் அசலில். பேங்கிலிருந்து மார்ச் 31 தேதியிட்ட பாக்கி, வருட வட்டி இரண்டுக்கும் சான்று வாங்காமல் அந்த லெட்ஜரை மூடக்கூடாது. பார்ட்டி பேலன்ஸிலோ பேங்க் ரீகன்சிலியேஷனிலோ வித்தியாசம் வந்தால் பழைய தந்திரம் இன்றும் வேலை செய்கிறது. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 5,400-ஐ 4,500 என்று அடித்தது போல. இரண்டால் வகுத்துக் கிடைக்கும் தொகையில் ஒரு பில் இருந்தால் பற்று வரவு பக்கம் மாறியிருக்கலாம்.

ஜி.எஸ்.டி.-யில் 3பி (மாத வரிச் சுருக்கம்), ஜி.எஸ்.டி.ஆர்.1 (விற்பனை விவரம்), 2பி (கொள்முதல் மீது கிடைக்கும் வரி வரவு) மூன்றையும் புத்தகத்தோடு மாத வாரியாக ஒப்பிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரிசி ஆலையில் கூடுதலாக ஒன்று. லூஸ் அரிசி வரிவிலக்கு, 25 கிலோ வரையிலான லேபிள் பைக்கு வரி உண்டு. இரண்டும் விற்கிற மில்லுக்கு இயந்திரம், ஸ்பேர், பை இவற்றின் இன்புட்டை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை, முழுவதும் கழித்து எடுக்க முடியாது. எடுக்க முடியாத பங்கு செலவிலோ இயந்திரத்தின் விலையிலோ சேர வேண்டும். அதை அப்படியே இன்புட் லெட்ஜரில் தொங்கவிட்டு, சொத்துப் பக்கத்தில் வருடாவருடம் வளர்கிற ஒரு தொகையை நான் பல ஃபைல்களில் பார்க்கிறேன்.

நெல் கொள்முதலில் ரொக்கம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் வருமான வரிச் சட்டம் 40ஏ(3)-இன்படி அந்தச் செலவு கழிவாகாது. லாரிக்காரருக்கு 35,000 வரை. ஆனால் விளைபொருளை விளைவித்தவருக்கே கொடுத்த பணத்துக்கு 6டிடி விதியில் விலக்கு இருக்கிறது. ஆகவே கேள்வி, வாங்கியது விவசாயியிடமா, வியாபாரியிடமா என்பது. பெயர், ஊர், எடை, விலை, கையெழுத்து உள்ள கொள்முதல் சீட்டு இருக்கிறதா, ஒரே பெயரில் ஒரு பருவத்தில் வந்த நெல் அவர் நிலத்தில் விளையக்கூடியதா? பத்து ஏக்கர்காரர் பெயரில் ஆயிரம் குவிண்டால் நெல் வந்திருந்தால் அவர் ஊரில் மற்றவர்களிடம் எடுத்து விற்கிறவர், விலக்கு அவருக்குப் பொருந்தாது.

கிரெடிட்டாரை (கிளையண்ட் பணம் தர வேண்டியவரை)ப் பொறுத்தவரை 2023-24 முதல் 43பி(எச்) வந்துவிட்டது. மைக்ரோ, சிறு நிறுவனமாகப் பதிவான உற்பத்தியாளருக்கோ சேவை தருபவருக்கோ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் போக வேண்டும், தாமதமானால் பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிவு. மற்ற 43பி இனங்களைப் போல ரிட்டர்ன் தேதிக்குள் கட்டித் தப்பிக்க முடியாது. மில்லுக்குப் பை தைத்துக் கொடுப்பவர், ஸ்பேர் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை எல்லாம் இதில் வருவார்கள், வாங்கி விற்கும் வியாபாரி வரமாட்டார். பார்ட்டிகளின் உத்யம் பதிவை (சிறு நிறுவனப் பதிவுச் சான்று) ஏப்ரலிலேயே கேட்டு வாங்கச் சொல்லுங்கள், செப்டம்பரில் கேட்டால் கிடைக்காது.

(பிரிவு எண்கள் எல்லாம் 1961 சட்டத்தின்படி சொல்கிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் அதற்குப் பிந்தைய வருடக் கணக்குக்கு எண்கள் மாறும், ஜூனியருக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை கொடுத்துவிடுங்கள்.)

ஸ்டாக்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கணக்கு வருடம் மார்ச் 31-இல் முடிகிறது. சம்பா அறுவடை ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை இழுக்கிறது. ஆகவே டெல்டா அரிசி ஆலையின் பேலன்ஸ் ஷீட் தேதி, கோடவுனில் நெல் நிரம்பி வழிகிற, சி.சி. கணக்கு (பேங்கின் கேஷ் கிரெடிட் கடன்) முழுக்க இழுத்துவிட்ட நேரத்தில் விழுகிறது. வருடத்தின் மற்ற மாதங்களை வைத்துப் பார்த்தால் இந்த எண்கள் பெரிதாகத் தெரியும், இதுதான் இயல்பு. மார்ச் 31-இல் நெல் இருப்பு குறைவாகக் காட்டும் மில்தான் எனக்கு முதலில் உறுத்தும்.

ரூபாயைத் தொடாமல் எடையை மட்டும் வைத்து ஜூனியர் இந்தக் கணக்கைப் போடட்டும். ஒரு கற்பனை மில். ஆரம்ப நெல் 2,000 குவிண்டால், வாங்கியது 30,000, கடைசி இருப்பு 6,000. அப்படியானால் அரைத்தது 26,000. இந்த மில்லில் காய்ந்த நெல்லுக்கு வழக்கமாக 66 சதவீதம் அரிசி காண்கிறது என்று வைத்துக்கொள்வோம். (அரசுக்கு அரைத்துக் கொடுப்பதில் பச்சரிசிக்கு 67, புழுங்கலுக்கு 68 என்று நிர்ணயம். சொந்த அரவையில் ரகத்தையும் இயந்திரத்தையும் பொறுத்து மாறும்.) 66-இல் 17,160 குவிண்டால் அரிசி வந்திருக்க வேண்டும். புத்தகத்தில் ஆரம்ப அரிசி 500, விற்றது 16,100, இருப்பு 700, அதாவது உற்பத்தி 16,300. 860 குவிண்டால் குறைகிறது. குவிண்டால் 4,000 ரூபாய் என்றால் 34 லட்சத்துக்கு மேல்.

இங்கே ஜூனியர் “விற்றுவிட்டு பில் போடவில்லை” என்று முடிவு கட்டக்கூடாது. முதலில் ஈரம். குறுவை அறுவடை மழையில் மாட்டிக்கொண்டால் நெல் 20 சதவீத ஈரத்தில் வரும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத வரம்பைத் தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கேட்பது இதனால்தான். 20 சதவீத ஈரத்தில் வாங்கிய 100 கிலோ, 14-க்குக் காய்ந்தால் 93 கிலோ. காய்ந்த பொருள் 80 கிலோ, அது மொத்தத்தில் 86 சதவீதம், எண்பதை 0.86-ஆல் வகுத்தால் வருவது அவ்வளவுதான். இந்த மில் 10,000 குவிண்டாலை அந்த ஈரத்தில் வாங்கியிருந்தால் 700 குவிண்டால் நெல் காற்றில் போய்விட்டது, அரிசியில் 462. மிச்சம் விளக்க வேண்டியது 398. இப்போது கேள்வி சின்னதாகிவிட்டது, கேட்கவும் முடிகிறது: வேறு ஊர்க் கோடவுனில் அரிசி இருக்கிறதா, அரவைக் கூலிக்கு வந்த நெல் கொள்முதலில் கலந்ததா, மார்ச் கடைசி வாரத்து லாரிகள் ஏப்ரல் பில்லில் போயினவா, கடைசியில், பில் இல்லாமல் போனதா?

இதற்கு ஒத்தாசையாக இ.பி. பில். மாதாமாதம் எத்தனை யூனிட், அந்த மாதம் அரைத்ததாகப் புத்தகம் சொல்வது எத்தனை குவிண்டால், ஒன்றால் ஒன்றை வகுத்துப் பன்னிரண்டு மாதத்துக்கும் எழுதினால் ஒரு மாதம் மட்டும் எகிறி நிற்கும், அங்கேதான் தோண்ட வேண்டும். இ.பி. பில்லைக் கிளையண்ட் எழுதவில்லை என்பதுதான் அதன் மதிப்பு. தணிக்கைத் தரநிலை எஸ்.ஏ. 520-இல் பகுப்பாய்வு முறை என்று பாடத்தில் படித்தது இதுதான் என்று அப்போது சொன்னால் மறக்காது.

அடுத்து, கோடவுனில் கிடக்கும் நெல் யாருடையது? நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரவை முகவராக இருக்கும் மில்லில் கழகத்து நெல்லும் சொந்த நெல்லும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும். கழகத்து நெல் மில்லின் ஸ்டாக் இல்லை, அதன் மதிப்பு கொள்முதலிலோ விற்பனையிலோ வராது, அரவைக் கூலிதான் வருமானம். பக்க விளைபொருள் யாருக்கு, சாக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதையெல்லாம் ஒப்பந்தத்தைப் படித்து எழுதட்டும், “வழக்கம் இதுதான் சார்” என்ற பதிலை வாங்கிக்கொண்டு வரக்கூடாது. பேங்க் கேரண்டி கொடுத்திருந்தால் குறிப்பில் அதைச் சொல்ல வேண்டும்.

மதிப்பீடு: அடக்க விலை அல்லது விற்றால் கைக்கு வரும் நிகர விலை, எது குறைவோ அது. கணக்குத் தரநிலை ஏ.எஸ். 2 சொல்வது இது. அடக்கத்தில் வண்டி வாடகை, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி சேரும். தவிடு, குருணை, உமி போன்றவற்றின் தொகை பெரிதாக இல்லாவிட்டால் அவற்றை நிகர விற்பனை விலைக்கு வைத்து அந்தத் தொகையை அரிசியின் அடக்கத்திலிருந்து கழிக்க வேண்டும். நெல் வாங்கிய விலை நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்க அரசுக் கொள்முதல் விலை ஒரு நல்ல அளவுகோல், 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையோடு சாதாரண ரகம் 2,500, சன்னரகம் 2,545.

பேங்குக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்டைக் கேட்டு வாங்காமல் ஸ்டாக் வேலை முடியாது. டிராயிங் பவர் (ஸ்டாக்கை வைத்து இழுக்கக்கூடிய கடன் வரம்பு) குறையக்கூடாது என்பதற்காக அங்கே 1.80 கோடி, வரிக்காக இங்கே 1.35 கோடி என்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓர் அதிகாரி கேட்டால் முதலாளி என்ன பதில் சொல்வார் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். மதிப்பீட்டு முறை வேறு, தேதி வேறு என்று நியாயமான காரணமும் இருக்கலாம். மதிப்பீட்டு முறை மட்டும்தான் வேறு என்றால் எடை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மற்ற தொழில்கள், சுருக்கமாக

உரக்கடைக்கு விவசாயி அறுவடையில் பணம் கொடுப்பார். மார்ச் 31 சம்பா முடிந்த நேரம், கடன் பாக்கி இறங்கியிருக்க வேண்டும், இறங்காமல் இரண்டு மூன்று வருடமாக அதே பெயர்கள் நின்றால் அது வராக்கடன், அல்லது வசூலாகிப் புத்தகத்துக்கு வராதது. மானிய உரம் ஆதார் போன்ற அடையாளத்தோடு பி.ஓ.எஸ். மெஷினில்தான் விற்க வேண்டும் என்பதால் மெஷின் காட்டும் இருப்பும் புத்தக இருப்பும் ஒப்பிடக் கைவசம் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

கமிஷன் மண்டியில் விவசாயி சார்பில் விற்றுக் கொடுத்துக் கமிஷன் மட்டும் எடுக்கிறவருக்கு விற்றுமுதல் அந்தக் கமிஷன்தான், தன் பொறுப்பில் வாங்கி விற்கிறவருக்கு முழு விற்பனை. வருமான வரி வாரியம் 1986-லேயே 452-ஆம் சுற்றறிக்கையில் கச்சா ஆரத்தியா (கமிஷன் மட்டும்), பக்கா ஆரத்தியா (சொந்தப் பொறுப்பு) என்று பிரித்துச் சொல்லியிருக்கிறது. டாக்ஸ் ஆடிட் வருமா வராதா என்பதே இதில் தீர்மானமாகும். கும்பகோணம் பாத்திரக் கடையில் பழைய பித்தளையை எடைக்கு எடுத்துப் புதிது கொடுக்கும்போது வித்தியாசத் தொகையை மட்டும் விற்பனையாகப் போடுவார்கள். விற்பனை முழுத் தொகைக்கு, பழையது கொள்முதலில், என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

முதலாளியின் முதல் கணக்கு

இதைக் கடைசியில் அவசரமாக மூடுகிறார்கள், அங்கேதான் எல்லாம் ஒளிந்திருக்கும். ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்கள். விவசாய வருமானம் 18 லட்சம் என்று முதல் கணக்கில் வரவு. நிலம் இரண்டு வேலி. ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர், ஆக 13 ஏக்கர். இரண்டு போகம், நன்றாக விளைந்து ஏக்கருக்கு 24 குவிண்டால் என்றாலும் 624 குவிண்டால், 2,500 விலையில் 15.6 லட்சம். ஆள் கூலி, உரம், அறுவடை மெஷின் வாடகை எதையும் கழிக்காமலே 18 வரவில்லை. சிட்டா, அடங்கல், கொள்முதல் நிலையத்துப் பணம் பேங்கில் ஏறிய பக்கம், மூன்றும் இல்லாமல் அந்த வரவை ஏற்கக்கூடாது. எதிர்ப்பக்கம் வீட்டுச் செலவு. இரண்டு பிள்ளைகள் வெளியூரில் காலேஜ் படிக்கும் வீட்டில் வருடம் முழுவதற்கும் ஒன்றரை லட்சம் டிராயிங்ஸ் என்றால் யார் நம்புவது?

ரிவ்யூ செய்யக் கற்றுக்கொடுப்பது

போடுவதில் கொஞ்சம் கை வந்த பிறகு இந்தப் பயிற்சி. முடிந்துபோன ஒரு ஃபைலில் பெயர், பான், முகவரி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, நீங்களே சில தப்புகளை உள்ளே வையுங்கள். புதிய சார்ட்டெக்ஸ் மெஷினை (அரிசியில் நிறம் மாறியதைப் பிரிப்பது) ரிப்பேர் செலவில் போடுங்கள். முதலாளியின் எல்.ஐ.சி. பிரீமியத்தை இன்சூரன்ஸில் சேருங்கள். மார்ச் மாத இ.பி. பில்லை விட்டுவிடுங்கள். கழகத்து நெல்லைக் கடைசி இருப்பில் ஏற்றுங்கள். ஏப்ரல் 2-இல் போன லாரிக்கு மார்ச் 31 தேதியில் பில் வையுங்கள். எத்தனை தப்பு என்று சொல்லாமல் அரை நாள் கொடுங்கள். எத்தனை கண்டுபிடித்தான் என்பதைவிட எந்த வழியில் தேடினான் என்பதைக் கவனியுங்கள். லெட்ஜர் லெட்ஜராக மேலிருந்து கீழே படிப்பவனுக்கு லாரி பில் கண்ணில் படாது. மாத வாரி விற்பனையும் லாபமும் முதலில் எடுத்து, எங்கே கோணுகிறது என்று பார்த்து உள்ளே போகிறவளுக்குப் படும்.

லாப விகிதத்தைப் போன வருடத்தோடு மட்டும் ஒப்பிடுவது பத்தாது. குறுவை நெல் வாங்கி அரைக்கும் மாதங்கள், சம்பா மாதங்கள் என்று பிரித்து அதே பருவத்தோடு ஒப்பிட வேண்டும். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்த வருடமும் தாமதமாகத் திறந்த வருடமும் ஒரே மாதிரி விற்பனைக் கோடு போட்டால், அங்கே ஒரு கேள்வி இருக்கிறது.

ரிவ்யூ குறிப்பு எழுதுவதும் தனியாகக் கற்றுத்தர வேண்டியது. “கிரெடிட்டார் சரிபார்க்கவும்” என்பது குறிப்பே இல்லை, அதற்குப் “பார்த்தேன்” என்று ஒரு டிக்தான் பதிலாக வரும். “பை சப்ளையர் பாக்கி 4,18,000, ஆகஸ்டுக்குப் பிறகு அசைவில்லை, பாக்கிக் கடிதம் ஃபைலில் இல்லை, உத்யம் உண்டா?” என்று எழுதினால் பதில் எழுதியே ஆக வேண்டும். ஒவ்வொரு குறிப்பிலும் எந்தத் தொகை, எது உறுத்துகிறது, எந்தக் காகிதம் வந்தால் மூடலாம் என்று மூன்றும் இருக்கட்டும். பதில் எழுதியவரே குறிப்பை மூடக்கூடாது, கேட்டவர்தான் மூட வேண்டும். மூன்று பேர் உள்ள ஆபீஸிலும் இதைக் கடைப்பிடிக்க முடியும்.

கிளையண்டிடம் கேட்பது

நல்ல ரிவ்யூவைக் கெடுப்பது கேட்கிற விதம். இருபது வயதுப் பையன் ஐம்பது வருட மில்லின் கணக்குப்பிள்ளையிடம் போய் “உங்க ஸ்டாக் தப்பு” என்றால் அன்றோடு கதவு மூடிவிடும். “ஐயா, இந்த 6,000 குவிண்டால் எந்தெந்த கோடவுனில் இருந்தது, ஒரு தடவை சொல்லுங்களேன், நான் எழுதிக்கொள்கிறேன்” என்றால் அவரே “இல்லப்பா, அதில் ஒரு ஆயிரம் கழகத்து நெல்லு” என்று எடுத்துக் கொடுப்பார். முதலாளியிடம் பேச வேண்டியது வீட்டுச் செலவு, நிலம், கைமாற்று. அதை ஜூனியரை விட்டுக் கேட்காமல் நீங்கள் கேளுங்கள், ஜூனியர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாற்று வாங்குவதை 269எஸ்.எஸ்., திருப்பிக் கொடுப்பதை 269டி தடுக்கிறது என்பதை முதலாளிக்கு அப்போதே சொல்வதும் நம் வேலை.

எதையும் வாட்ஸ்அப் குரல் பதிவில் மட்டும் வாங்கி வைக்காதீர்கள். ஒரு வரி என்றாலும் எழுத்தில், தேதியோடு, ஃபைலில்.

கையெழுத்துக்கு முன்

கம்பெனி அல்லாத நிறுவனங்களுக்கும் 2024-25 முதல் இன்ஸ்டிட்யூட்டின் வழிகாட்டுக் குறிப்பில் உள்ள வடிவம்தான், போன வருடப் பத்தியும் குறிப்புகளும் சேர்த்து. இடப்பக்கம் வலப்பக்கம் என்று பிரிந்த பழைய டி வடிவத்தை டாலியிலிருந்து பிரிண்ட் எடுத்து நீட்டும் காலம் போய்விட்டது. முதலில் கிளையண்ட் கையெழுத்து, அவர் கொடுக்கும் உறுதிமொழிக் கடிதம், அதற்குப் பிறகு நம் கையெழுத்தும் 18 இலக்க யு.டி.ஐ.என். எண்ணும் (இன்ஸ்டிட்யூட் தளத்தில் அந்தக் கையெழுத்துக்கு எடுக்கும் தனி அடையாள எண்). கையெழுத்திட்ட தேதியிலிருந்து 60 நாள் அவகாசம் இருந்தாலும் அன்றே எடுத்துவிடுங்கள். டாக்ஸ் ஆடிட்டுக்கு வழக்கமான கடைசித் தேதி செப்டம்பர் 30, நீட்டிப்பார்கள் என்று நம்பி ஃபைலைத் தள்ளி வைப்பவர்கள் ரிவ்யூவைத்தான் பலி கொடுக்கிறார்கள். போட்டவருக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

ஃபைல் மூடும்போது கடைசித் தாளில் அடுத்த வருடத்துக்கான குறிப்பை ஜூனியரே எழுதட்டும். இந்த மில்லுக்கு ஈர ரிஜிஸ்டர் போடச் சொன்னோம், போடுகிறார்களா என்று அக்டோபரில் பார்க்க வேண்டும். உத்யம் பட்டியல் ஏப்ரலில். கோடவுன் வாரியாக நெல் இருப்பு எண்ண மார்ச் 31 அன்று யார் போவது என்று பெயர் போட்டு எழுதி வைத்தால், அடுத்த வருடம் 860 குவிண்டாலைத் தேடுகிற வேலை பாதியாவது மிச்சமாகும்.